டொலர் எறங்குது

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றதற்கு அடுத்த வருஷம், எங்கள் வீட்டில் ஒரே டொலருக்கு இரண்டு துஆ நடந்துகொண்டிருந்தது.

என் கணவர் அரூஸ் விடியற்காலையில் பள்ளிவாசலில் சுபஹு தொழுதுவிட்டு, டொலர் ஏற வேண்டும் என்று கையேந்துவார். அதே நேரத்தில் வீட்டில் தொழுகிற எங்கள் மகள் ஸனா, டொலர் இறங்க வேண்டும் என்று கையேந்துவாள். யாருக்கு ஆமீன் சொல்வதென்று தெரியாமல் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இரண்டு பேரிலும் பிழை இல்லை. எங்கள் ஊரான கம்பளையின் கடைத்தெருவில் அரூஸுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தோட்டக்காரர்கள் கொண்டுவரும் கராம்பையும் மிளகையும் வாங்கி, காயவைத்து, பெரிய வியாபாரிகளுக்கு விற்பார். கராம்பைக் கடைசியில் வாங்குபவன் வெளிநாட்டுக்காரன், அவன் கொடுப்பது டொலர். அதனால் டொலர் ஒரு ரூபா ஏறினால் கம்பளையில் கராம்பும் தலையைத் தூக்கும். அந்த வருஷம் டொலர் முந்நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. நோன்புக்கு முன் நானூறைத் தொடும் என்று கடைத்தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அரூஸ் அந்த நானூறுக்காக, எங்களிடமிருந்த முழுக் கராம்பையும் சாக்கில் கட்டி வீட்டுப் பின்னறையில் அடுக்கி வைத்திருந்தார். 

ஸனாவுக்கோ பினாங்கில் ஒரு கல்லூரியில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் பருவக் கட்டணத்தை மாத முடிவுக்குள் டொலரில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். டொலர் ஏற ஏற அவளுடைய பினாங்கு தூரமாகிக்கொண்டிருந்தது.

"ஏறினா கராம்புக்குக் கூடக் கெடைக்கும், சரி. ஆனா பீஸும் கூடுமே?" என்று அரூஸிடம் கேட்டேன்.

"பீஸ் கொஞ்சம், கராம்பு கூட. ஏறினா லாபம் எங்களுக்குத்தான். ஒனக்கு இந்தக் கணக்கு வெளங்காது றம்லத்."

விளங்கியது. அவருடைய கணக்கில் ஓட்டை இல்லை. விற்கிற நாளைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. முந்நூற்று நாற்பதில் இருந்தபோது அறுபது வரட்டும் என்றார். அறுபது வந்ததும் நானூறு என்றார். நானூறு வந்திருந்தால் பினாங்கையே விலை பேசியிருப்பார்.

எனக்கு இதில் வேறோர் அரிப்பு இருந்தது. இந்த டொலரை ஏற்றுவது யார், இறக்குவது யார்? நான் பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன். சட்டைப் பெட்டிகள் கப்பலேறுவதற்கு வேண்டிய பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் பெட்டி பெட்டியாகப் போகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் டொலர் வர வேண்டும். எங்களைப் போல எத்தனை தொழிற்சாலைகள்! தேயிலை வேறு, கறுவா வேறு, கராம்பு வேறு. உலகத்துக்கு எங்கள் சரக்கு வேண்டியிருக்கிறது, அதற்குக் காசும் கொடுக்கிறது. பிறகு ஏன் நாட்டில் டொலரைக் கண்ணில் காண முடியவில்லை? 

கணக்குப் பிரிவில் இருக்கும் தனபாலனிடம் இதைக் கேட்டேன். கண்டி மஹய்யாவக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், வாய் திறந்தால் பகிடி.

"நல்ல கேள்விதாங்க அக்கா," என்றார். "நானும் அதையேதான் தேடிக்கிட்டு இருக்கேன். கெடைச்சா ஒங்களுக்கும் பாதி தர்றேன்."

எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. சரக்கு கப்பலுக்குப் போனால் 'ஏறிட்டு' என்போம். வாங்கியவனின் காசு எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தால் 'எறங்கிட்டு' என்போம். சட்டை ஏறும், டொலர் இறங்கும். இது எனக்குப் பழகிப்போய், வேறு விதமாகவும் யாராவது விளங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணமே வரவில்லை.

டிசம்பரில் அனுப்பிய ஒரு பெரிய ஓடருக்கு டொலர் இறங்கவே இல்லை என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. அது வந்தால்தான் எங்களுக்குத் தர வேண்டிய ஊக்கத்தொகையைத் தருவார்கள். என் பங்கை ஸனாவின் கட்டணத்தில் போடலாம் என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, காலைத் தேத்தண்ணி நேரத்தில் தனபாலன் வந்து, "அக்கா, திங்கக்கெழம போயா லீவு. செவ்வாக்கெழம டொலர் எறங்குது. பெரியவரே சொல்லிட்டாரு" என்றார். பெரியவர் என்றால் எங்கள் முகாமையாளர்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு அரூஸுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன்.

"இங்க பாருங்க, நல்ல செய்தி. செவ்வாக்கெழம டொலர் எறங்குது. எங்கட அக்கவுண்ட்ஸ் தனபாலன் இப்பதான் செல்லிட்டுப் போறாரு. கட்டாயம் எறங்கும். ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. கம்பளைக் கடைத்தெரு அதில் என்ன கேட்டது என்பது அன்று பின்னேரம்தான் எனக்குத் தெரிய வந்தது.

வேலை முடிந்து, திகனப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் கண்டிக்கு வந்து, கம்பளை பஸ் ஏறி, யன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பேராதனை தாண்டியதும் கண் சொருகத் தொடங்கியது. அந்த நேரத்தில் இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்து யாரோ ஒரு பெண் பேசினாள்.

"இங்க பாருங்க, நல்ல செய்தி. செவ்வாக்கெழம டொலர் எறங்குது..."

இது யார், எனக்குத் தெரிந்த குரலாக இருக்கிறதே என்று கண்ணைத் திறந்தேன். ஒரு தொப்பிக்காரர் போனைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி என்னைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 

பக்கத்திலிருந்தவர், "யாரு இது?" என்று கேட்டார்.

"பல்லேகலயில பெரிய எடத்தில ஈக்கிற பொம்பளயாம். உள் தகவல். கம்பள முழுக்கச் சுத்துது."

"அப்ப கராம்ப?"

"நான் ஜும்ஆக்கு முந்தியே தள்ளிட்டன்."

முக்காட்டை இழுத்து மூக்கு வரை விட்டுக்கொண்டேன். வாய் திறந்தால் குரலைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, நடத்துநரிடம்கூட ஒன்றும் பேசாமல் காசை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் பின்னறைக்குப் போனேன். கராம்பு வாசம் இருந்தது, கராம்பு இல்லை. சாக்குகள் இருந்த தரையைக் கூட்டிக்கூட விட்டிருந்தார்.

"எல்லாத்தையும் குடுத்திட்டன்," என்றார் அரூஸ். முகத்தில் பெருநாள். "மஹ்மூத் ஹாஜியார் இண்டக்கி வெலக்கே எடுத்திட்டாரு. அவருக்கு நம்பிக்க இல்ல. பொம்பளட பேச்செ நம்பி ஊரே விக்கிது, நான் வாங்கிறன் எண்டு சிரிச்சாரு. நல்ல நேரத்தில செல்லின நீ."

மஹ்மூத் ஹாஜியார் கம்பளையில் கராம்பு வியாபாரத்தின் பெரிய கை. ஊரில் விளைவதில் பாதி அவருடைய களஞ்சியத்துக்குத்தான் போகும்.

"நான் என்னத்தச் செல்லின?" என்று கேட்டேன்.

"டொலர் எறங்குது எண்டு."

"எங்க எறங்குது?"

"என்ன எங்க எறங்குது? வெல எறங்குது."

"அல்லாஹ்வே! அது எங்கட கொம்பனிக் கணக்கில எறங்குது! வெளிநாட்டுக்காரன் குடுக்க வேண்டிய காசு வருதாம், எனக்கு இன்சென்டிவ் கெடைக்கும், அதத்தான் செல்லின!"

அரூஸின் முகத்திலிருந்த பெருநாள் அங்கேயே முடிந்தது. கதிரையில் உட்கார்ந்தார். அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸனா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு போன் எடுத்து, என்னத்தியன் செல்ற எண்டு கேக்க ஏலாமப் போச்சா? அதுக்கு முந்தி ஊருக்கெல்லாம் அனுப்ப ஏலும்!"

"ஜும்ஆக்குப் போற அவசரத்தில..."

"அவசரத்தில விக்க ஏலும், கேக்க ஏலா."

இப்போது எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். வங்கி இனிச் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். அன்று டொலர் நானூறுக்கு ஓடினால், கராம்பு விற்ற ரூபாயை வைத்து ஸனாவின் கட்டணத்துக்கு டொலர் வாங்க முடியாது. வீட்டில் விற்க இனி வேறொன்றும் இல்லை. என் பேச்சைக் கேட்டு விற்ற கம்பளைக்காரரெல்லாம் என்னைத் தூற்றுவார்கள், அது ஒரு பக்கம். பிள்ளையின் இடம் போனால் அதை நான் எந்த வாயால் சொல்லி ஆறுவேன்? அன்று நான் பயந்தேன். அந்த மூன்று நாளும் பயந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை நானே ஒரு திருத்தம் அனுப்பினேன். "அஸ்ஸலாமு அலைக்கும். நான் செல்லின எறங்கிறது வேற எறங்கிறது. வெலயப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. யாரும் பிழையா வெளங்கிக்கொள்ள வேணாம்." அரூஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கராம்பு வியாபாரிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். முதலாவது குரல் ஒரு நாளில் நாவலப்பிட்டி வரை போனது. இரண்டாவது குரல் கம்பளைப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. கேட்ட இரண்டொருவரும், "மேலிடத்தில இருந்து வாய மூடச் செல்லிட்டாங்க போல" என்று பேசிக்கொண்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு மூவரும் மூன்று திசை பார்த்துக்கொண்டு இருந்தோம். எத்தனை நேரம்தான் கோபமாக இருப்பது? எனக்குப் பழைய அரிப்பு திரும்பி வந்தது. 

"சும்மா கேக்கிறன்," என்றேன். "கராம்பு வெல எப்ப எறங்கும்?"

அரூஸுக்குத் தொழிலைப் பற்றிக் கேட்டால் உயிர் வந்துவிடும். "இதென்ன கேள்வி? சரக்கு எறங்கினா வெல எறங்கும். சீசனுக்கு லொறி லொறியா கடைத்தெருவில சரக்கு எறங்கும். அண்டக்கி வெலயும் எறங்கும். சரக்கு இல்லாட்டி ஏறும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். நானும் அவரைப் பார்த்தேன்.

"இன்னொருக்காச் செல்லுங்க," என்றேன்.

"சரக்கு எறங்கினா... வெல எறங்கும்."

"அப்ப டொலர் எறங்கினா?"

ஸனா கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். "டொலர் எறங்கினா டொலர் எறங்கும்! உம்மா, நீங்க செல்லினதும் வாப்பா வெளங்கினதும் ஒண்டுதானே!"

நான் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். எங்கள் சட்டைகளை வாங்குபவன் டொலர் தருகிறான். ஆனால் டொலரை வைத்துக்கொண்டு பல்லேகலவில் ஒரு தையல் பிள்ளைக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. கரண்ட் பில்லுக்கும் கன்டீன் அரிசிக்கும் ரூபாதான் வேண்டும். அதனால் கொம்பனி அந்த டொலரை வங்கியில் கொடுத்து ரூபா வாங்கும். எல்லாரும் டொலரைக் கொண்டுவந்து கொட்டி ரூபாயைக் கேட்டால், வங்கியில் டொலர் மலியும், ரூபாய்க்கு மதிப்பு வரும். கடைத்தெருவில் கராம்பு குவிகிற நாளில் கராம்புக்கு என்ன நடக்குமோ அதுதான்.

"அப்ப சரி," என்றார் அரூஸ், உடனே உற்சாகமாகி. "ஒங்கட கொம்பனிட டொலர் எறங்கினா வெல எறங்கும்."

"எங்கட கொம்பனி ஒண்டுதான் நாட்டில ஈக்கா? அது ஒரு சாக்கு. ஒரு சாக்கு எறங்கினா கம்பளயில வெல எறங்குமா?"

"எறங்காது."

"கராம்பும்தானே நீங்க எல்லாரும் இப்ப வித்தீக்கிறீங்க, அதுக்கும் டொலர் வருமே வாப்பா," என்றாள் ஸனா.

"அது ஹாஜியார்ட களஞ்சியத்தில ஈக்கி. அங்கருந்து கொழும்புக்குப் போய், கப்பலேறி, அந்தப் பக்கம் எறங்கி, அதுக்குப் பொறகுதான் டொலர் இந்தப் பக்கம் எறங்கும். அதுக்குள்ள நோன்பு முடிஞ்சு பெருநாளும் வந்திடும்." அரூஸ் நெற்றியைத் தேய்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன மாசமா கட்டி வெக்காம வித்திருந்தா, இந்நேரம் எறங்கியிருக்கும்."

அவர் அதைச் சொன்னபோது எனக்கு ஒரு விஷயம் புதிதாகப் பட்டது. கம்பளையில் எல்லாரும் டொலர் ஏறட்டும் என்று கராம்பை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். வைத்திருந்ததால் டொலர் வரவில்லை. வராததால் டொலர் ஏறியது. ஏறியதைப் பார்த்து இன்னும் வைத்திருந்தார்கள். நாட்டில் டொலர் எங்கே போனது என்று நான் பல்லேகலவில் தேடிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் என் பின்னறையில் சாக்குக்குள் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. வங்கி இல்லை, விலை இல்லை, செய்தி இல்லை. அரூஸ் கடையைத் திறக்காமல் வீட்டு வாசலில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் புல் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வரை வங்கி விலையில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு பத்திரத்தில் சட்டைக்குப் பதிலாக 'கராம்பு' என்று தட்டிவிட்டு, யாரும் பார்க்கும் முன் அழித்தேன். பிறகு ஓர் அவசரப் பார்சல் வந்தது. அதை முடித்து நிமிர்ந்தபோது தனபாலன் மேசைக்கு முன்னால் நின்றார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, டொலர் எறங்கிருச்சு."

"எந்த எறக்கம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும்," என்றார். "நம்ம கணக்குக்குக் காசு வந்துருச்சு. ஆனா டொலர் வெலயும் எறங்கிருச்சு. இன்னும் எறங்கிக்கிட்டே இருக்கு. அதான் பெரியவரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. போன கெழம மாத்திருந்தா கூடுதலா ரூபா கெடைச்சிருக்குமாம். இன்சென்டிவ்வுல பாதிதான் தருவாங்களாம்."

நான் சிரித்தேன். ஊக்கத்தொகை பாதியாகிவிட்டது என்று சொன்னதற்கு ஒருத்தி இப்படிச் சிரித்தால் எதிரில் நிற்பவர் என்ன நினைப்பார்? தனபாலன் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். 

"தண்ணி வேணாம். ஏன் எறங்கின? அதச் செல்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன. வாங்குறவன் காசு டிசம்பர்லயே குடுத்துட்டானாம். நம்மாளுங்கதான் வெளிநாட்டுக் கணக்குலயே வச்சிருந்திருக்காங்க, டொலர் ஏறட்டும்னு. போன கெழம, எறங்கப் போவுதுன்னு எங்கயோ காத்துல ஒரு பேச்சு அடிபட்டதும் பயந்துபோய் உள்ள கொண்டாந்துட்டாங்க. நம்ம மட்டும் இல்ல. வச்சிருந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல கொண்டாந்து பேங்க்ல கொட்டுறாங்க. டீவில வேற காரணம் சொல்றாங்க, வெளிநாட்டுக் கடன் வருதுன்னு. அதுவும் இருக்கும். எனக்குத் தெரிஞ்சது இதுதாங்க."

ஆகவே எங்கள் பெரியவர் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு செய்ததும், என் வீட்டுக்காரர் பின்னறையில் சாக்குக் கட்டி வைத்ததும் ஒரே வேலைதான். பெரியவர் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தார், அதுதான் வித்தியாசம். எனக்கு அவர்மீது கோபம் வந்திருக்க வேண்டும். எங்கள் காசைப் பிடித்து வைத்துக்கொண்டு, வரவில்லை என்று எத்தனை முறை சொன்னார்! ஆனால் அன்று என் மனதில் கோபத்துக்கு இடமில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு ஸனாவுக்கு அழைத்தேன். 

"தெரியும் உம்மா," என்றாள். "காலையிலருந்து பாத்துக்கொண்டுதான் ஈக்கிறன். வாப்பா ரெண்டு ரக்அத் தொழுறாரு."

தந்தை கேட்டபடி டொலர் ஏறி நின்றபோது கராம்பு விற்றாகிவிட்டது. மகள் கேட்டபடி டொலர் இறங்கியபோது கட்டணம் கட்டப் போகிறோம். ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டதால் இரண்டு துஆவும் வரிசை தப்பாமல் நிறைவேறிவிட்டன என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அங்கே அரூஸ் கதிரையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீஸ் கட்டிட்டீங்களா?"

"இன்னும் எறங்கும் றம்லத். ரெண்டு மூணு நாள் பொறுப்பம். முந்நூறுக்கு வரும் எண்டு செல்றாங்க."

இவ்வளவு நாளும் ஏறட்டும் என்று விற்காமல் இருந்தவர், இப்போது இறங்கட்டும் என்று வாங்காமல் இருக்கிறார்.

"யாரு செல்ற?"

"கடைத்தெருவில எல்லாரும்."

"கடைத்தெருவுக்கு யாரு செல்லின?"

கராம்புக் காசு இருந்த அலுமாரியின் சாவியை அவர் சேர்ட் பையிலிருந்து நானே எடுத்தேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, ஸனாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் டொலர் கொண்டுவந்து மாற்ற நின்ற ஒருவர், வாங்க வந்த எங்களைப் பாவமாகப் பார்த்தார். பினாங்குக்குக் காசு போனது என்று ஒரு துண்டு தந்தார்கள். ஸனா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தக் கிழமைக்குள்ளேயே டொலர் திரும்பக் கொஞ்சம் ஏறியது. அரூஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு எனக்குத் தனியாக நன்மை எழுதப்பட்டிருக்கும்.

மஹ்மூத் ஹாஜியார் நோன்புக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தார். ஊர்க் கராம்பையெல்லாம் உயர்ந்த விலைக்கு வாங்கி வைத்துவிட்டு, விலை சரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். வசவு கேட்கத் தயாராக நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு சட்டி வட்டிலப்பத்தை மேசையில் வைத்தார்.

"மகள், ஒங்கட பேச்செ நான் நம்பல்ல. அது என்ட பிழ," என்றார். "அடுத்த மொற டொலர் எறங்க முந்தி, எனக்கு நேராச் செல்லுங்க."

"ஹாஜியார், எனக்கு ஒண்டும் தெரியா. நான் செல்லினது கொம்பனிக் கணக்கில எறங்கிறத."

"அப்பிடித்தான் செல்லணும்," என்று கண்ணைச் சிமிட்டினார். "பொறுப்பான எடத்தில ஈக்கிறவங்க அப்பிடித்தான் செல்லணும்."

அதற்குப் பிறகு கடைத்தெருவில் நான் வாய் திறப்பதே இல்லை. மரக்கறிக் கடையில் போஞ்சி விலை இறங்குமா என்று கேட்டாலே பக்கத்தில் இரண்டு பேர் போனை எடுக்கிறார்கள். 

ஸனா ஆவணியில் போனாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அப்பால் அவள் திரும்பிக் கை காட்டும் வரை நான் சரியாகத்தான் இருந்தேன். பஸ்ஸில் கம்பளைக்குத் திரும்பும்போது அரூஸும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் கடைக்குப் போய்விட்டார். நான் அவளுடைய அறையைக் கூட்டினேன். கூட்ட ஒன்றும் இருக்கவில்லை, சும்மா கூட்டினேன். அப்போது போன் சத்தமிட்டது.

"எறங்கியாச்சி. ஒரு பிரச்சினையும் இல்லாம எறங்கியாச்சி. ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்."

என் மகளுடைய குரல். விமான நிலையத்துச் சத்தத்துக்கு நடுவில், பெரிய மனுஷி மாதிரி. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு அரூஸுக்கு அனுப்பினேன். அவருக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று இத்தனைக்குப் பிறகாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் அந்த மனிதர் அதைக் கராம்புக் குழுவில் போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மஹ்மூத் ஹாஜியார் என்னை நேரே அழைத்தார். மூச்சு வாங்கியது. "மகள், இப்பதான் கேட்டன். எவ்வளவுக்கு எறங்கின?"

"அது டொலர் இல்ல ஹாஜியார்," என்றேன். "எங்கட ஸனா."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹாஜியார். "புள்ள பத்திரமா எறங்கினா சரி."